ஊருக்குப் பக்கத்தில் ஒரு குழி

கல்யாணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்த காலத்தைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அந்த விளக்கின் நடுவே சிறு வலைப்பை ஒன்று தொங்கும். அதற்கு மேண்டில் என்று பெயர். முதல் முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும். வெண்ணிறச் சாம்பல்கூடு மட்டும் நிற்கும். அதுதான் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தைத் தரும். அந்நாளைய மேண்டில்களில் அந்தச் சாம்பலில் பெரும்பகுதி தோரியம் என்ற தனிமத்தின் ஆக்சைடு. தோரியம் கதிரியக்கம் உடையது.

இந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது? அதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்கே போக வேண்டும். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கவனித்தார். அந்த மணலைத் தேடி வந்து, 1909இல் மணவாளக்குறிச்சியில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். பழுப்பும் மஞ்சளும் கலந்த இந்த மணிகளில் தோரிய ஆக்சைடு நூற்றுக்கு 8, 9 பங்கு வரை உண்டு. அதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்கள். சிகரெட் லைட்டரின் தீப்பொறிக்கல், பெட்ரோலியச் சுத்திகரிப்பில் பயன்படும் வினையூக்கி, ஆற்றல்மிக்க காந்தம் எனப் பல பொருள்களுக்கு இவை தேவை.

மேண்டிலுக்காகத் தோரியத்தைத் தேடிய காலம் போய், அருமண் உலோகங்களுக்காக மோனசைட்டைத் தேடும் காலம் வந்தது. அப்போது தோரியம் வேண்டாத பொருளாயிற்று. வேண்டாத பொருளை எங்கே வைப்பது? இந்தக் கேள்வி மலேசியாவில் சில ஊர்களையே உலுக்கிவிட்டது. அந்த வரலாற்றையும் அதற்குள் இருக்கும் இயற்பியலையும் சேர்த்துப் பார்ப்போம்.

பேராக்கில் ஓர் ஆலை

மலேசியாவின் பேராக் மாநிலம் வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. அதன் தலைநகர் ஈப்போ. தமிழ்நாட்டிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் அம்மாநிலத்தில் வாழ்கின்றனர். வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கனமான மணலை அங்கே ‘அமாங்’ என்பார்கள். அந்த மணலிலும் மோனசைட் உண்டு.

அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரிக்க 1979இல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்துக்கு அதில் பங்கு இருந்தது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேரா என்ற ஊரின் பக்கத்தில் 1982இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அருமண் உலோகங்கள் ஒரு பக்கம் வந்தன. மறுபக்கம் தோரியம் ஹைட்ராக்சைடு என்ற சேறு போன்ற பொருள் குவிந்தது. தோரியம் என்றேனும் அணு எரிபொருளாகப் பயன்படலாம் என்று கருதப்பட்டதால் இதைக் கழிவு என்று சொல்லாமல், நீண்ட காலம் ‘சேமித்து வைக்க வேண்டிய பொருள்’ என்று சொன்னவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் அதை வைக்க நிலையான கிடங்கு எதுவும் இல்லாமலேயே ஆலை ஓடத் தொடங்கிவிட்டது.

முதலில் பாரிட் என்ற ஊருக்கு அருகே இடம் பார்த்தார்கள். 1983 நவம்பரில் அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். ஆகவே ஈப்போவிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாப்பான் என்ற சிற்றூருக்கு அருகே இடம் தேர்ந்தார்கள். பாப்பான் மக்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கள் ஊரருகே தோண்டப்படும் குழிகள் எதற்கு என்பது 1984 மே மாதத்தில்தான் அவர்களுக்குத் தெரிய வந்தது. அந்த மாத முடிவுக்குள் பாப்பானிலும் சுற்றுப்புற ஊர்களிலும் சுமார் 6,700 பேர் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும் சென்றது. ஜூனில் மக்கள் குழிக்குப் போகும் பாதையை மறித்தனர். ஜூலை தொடக்கத்தில் ஏறக்குறைய 3,000 பேர் ஊர்வலம் போனார்கள்.

‘எல்லாப் பாதுகாப்பும் செய்தாயிற்று, பயம் வேண்டாம்’ என்று அரசு சொன்னது. எதிர்ப்பவர்கள் விஷயம் அறியாதவர்கள் என்ற பேச்சும் எழுந்தது. இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம். அந்த மக்கள் கேட்டவை மூன்று கேள்விகள்: குழிக்குள் என்ன வைக்கப் போகிறீர்கள்? அது எத்தனை காலம் அங்கே இருக்கும்? அத்தனை காலமும் யார் காவல்? இவை மூன்றில் இரண்டு உங்கள் பௌதிகப் புத்தகத்தில் வரும் கேள்விகள்தாம்.

புளியங்கொட்டைக் கணக்கு

எத்தனை காலம் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்குவார்கள் அல்லவா? அப்படி உரசிய கொட்டைகள் 128 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடையில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். வெள்ளைப் பக்கம் மேலாக விழுந்தவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள். எஞ்சியவற்றை மீண்டும் குலுக்கிக் கொட்டுங்கள். முதல் வீச்சில் சுமார் 64 எஞ்சும், அடுத்ததில் 32, அப்புறம் 16, 8, 4 என்று குறையும். எந்தக் கொட்டை எப்போது வெளியேறும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் ஏறக்குறையப் பாதி போய்விடும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

கதிரியக்க அணுக்களும் இப்படித்தான் சிதைகின்றன. பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலத்தை அரை ஆயுட்காலம் என்கிறோம். தோரியம்-232 என்ற அணுவுக்கு இக்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான்! பூமி தோன்றியபோது இங்கே இருந்த தோரியத்தில் நூற்றுக்கு 80 பங்கு இன்னும் சிதையாமல் இருக்கிறது.

இப்போது குழிக்கு வருவோம். ஒரு கான்கிரீட் தொட்டி 50 ஆண்டுகள் விரிசல் விடாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50 ஆண்டுகளில் உள்ளே இருக்கும் தோரியத்தில் எவ்வளவு குறைந்திருக்கும்? 40 கோடி அணுக்களில் ஒன்று! தொட்டி கிழமாகிவிடும்; உள்ளே இருக்கும் பொருளோ அப்படியே புதிதாக இருக்கும். ‘பாதுகாப்பாகக் கட்டியிருக்கிறோம்’ என்ற பதில் கட்டிய நாளுக்குப் பொருந்தலாம். மக்கள் கேட்டது தங்கள் பேரன் பேத்திகளின் காலத்தைப் பற்றி.

நீங்கள் ஒன்று கேட்கலாம். ‘இத்தனை மெதுவாகச் சிதைகிறது என்றால் தோரியம் அவ்வளவு ஆபத்தில்லையே?’ நல்ல கேள்வி. அரை ஆயுட்காலம் நீளமாக இருந்தால் ஒரு வினாடியில் சிதையும் அணுக்கள் குறைவு என்பது உண்மையே. ஆனால் ஒரு கிராம் தோரியத்தில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. கணக்கிட்டால், ஒரு கிராமில் வினாடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன என்று தெரியும். அதோடும் நிற்பதில்லை.

ஒரு பெரிய குடும்பம்

தோரியம் சிதைந்ததும் நிலையான பொருளாகிவிடுவதில்லை. அது ரேடியம்-228 ஆகிறது. அதற்கு அரை ஆயுள் 5.75 ஆண்டுகள். அது ஆக்டினியமாகி, பின்னர் வேறு வகைத் தோரியமாகி, மறுபடி வேறு வகை ரேடியமாகி, அப்புறம் ஒரு வாயுவாக மாறுகிறது. இவ்வாறு பத்து முறை சிதைந்து, முடிவில் ஈயம்-208 என்ற நிலையான அணுவாகி ஓய்கிறது. இதைத் தோரிய வரிசை என்பர். தாத்தா ஒருவர் நெடுங்காலம் வாழ, அவரிடமிருந்து ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கும் குறுகிய ஆயுள் உடைய சந்ததி என்று இதை நினைத்துக்கொள்ளலாம். தாத்தா இருக்கும்வரை சந்ததி தீராது.

இந்தப் பத்துச் சிதைவுகளில் ஆறு ஆல்பா சிதைவு, நான்கு பீட்டா சிதைவு. சிலவற்றோடு காமா கதிரும் வரும். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

ஆல்பா துகள் காற்றில் சில சென்டிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். ஒரு தாளோ, நம் தோலின் மேற்புறமோ அதைத் தடுத்துவிடும். ஆனால் ஆல்பா உமிழும் தூசி மூச்சோடு நுரையீரலில் போய் ஒட்டிக்கொண்டால் நிலைமை வேறு. அங்கே தடுக்கத் தாளும் இல்லை, தடித்த தோலும் இல்லை. துகளின் ஆற்றல் முழுவதும் பக்கத்தில் உள்ள சில உயிரணுக்களிலேயே இறங்கிவிடும். ஆகவே வேலிக்கு வெளியே கருவியைப் பிடித்துக் காமா கதிரை மட்டும் அளந்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் அது பாதிப் பதில்தான். தூசியையும் தண்ணீரையும் கூடச் சோதிக்க வேண்டும்.

பீட்டா துகளைச் சில மில்லிமீட்டர் தடித்த அலுமினியத் தகடு நிறுத்திவிடும். காமா கதிருக்குத் தடித்த சுவர் தேவை. தோரிய வரிசையின் கடைசியில் வரும் தாலியம்-208 மிகுந்த ஆற்றலுடைய காமா கதிரை வெளியிடுகிறது. அதைப் பாதியாகக் குறைக்க ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் கான்கிரீட் வேண்டும். 16 சென்டிமீட்டர் இருந்தால் கால் பங்காகும். 24 இருந்தால் அரைக்கால் பங்காகும். இதுவும் புளியங்கொட்டைக் கணக்கேதான். வீச்சுக்குப் பதில் இங்கே கனம்.

பாப்பான் குழிகளின் சுவர்கள் ஒரே கனமாக இல்லை, விரிசலும் கண்டிருக்கின்றன என்று குற்றச்சாட்டு எழுந்தது. கொத்தனார் வேலையில் சிறு குறைதானே என்று இதை விட்டுவிட முடியுமா? 24 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 8 மட்டும் இருந்தால் வெளியே வரும் கதிர் மூன்று மடங்கு ஆகாது. நான்கு மடங்காகிவிடும்! அதைவிட முக்கியமானது விரிசல். மலேசியா மழை மிகுந்த நாடு. விரிசல் வழியே நீர் உள்ளே போகும். கரைவதைக் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்கு இறங்கும்.

வரிசையின் நடுவே ஒரு வாயு வருகிறது என்றேன். அதற்குத் தோரான் என்று பெயர். அரை ஆயுள் 56 வினாடிதான். பத்து அரை ஆயுள், அதாவது ஏறக்குறைய 9 நிமிடம் 20 வினாடி கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். இதிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. கழிவின் மேல் ஓரிரு மீட்டர் உயரத்துக்கு மண்ணை இறுக மூடினால் தோரான் அந்த மண்ணைக் கடந்து மேலே வருவதற்குள் அழிந்துவிடும். திறந்த வெளியில் குவித்து வைத்தால் நேராகக் காற்றில் கலக்கும். தோரியக் கழிவைப் பத்திரமாக வைக்கவே முடியாது என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. எப்படி வைத்தால் பத்திரம், எப்படி வைத்தால் ஆபத்து என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

மக்கள் சொன்னதும் நிபுணர்கள் சொன்னதும்

மலேசிய அரசு பன்னாட்டு அணுசக்தி முகமையின் நிபுணர்களை அழைத்தது. 1984இல் பாப்பான் வந்து பார்த்த அவர்கள், குழிகள் தேவையான தரத்தில் இல்லை என்றே கருத்துத் தெரிவித்தனர். துணைப் பிரதமராக இருந்த மூசா ஹீத்தாம் நேரில் வந்து பார்த்தார். 1985 ஜனவரியில் பாப்பான் திட்டம் கைவிடப்பட்டது. கிளேடாங் மலைத்தொடரில் வேறு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அறியாதவர்கள் என்று பேசப்பட்ட ஊர் மக்களின் சந்தேகமும் நிபுணர்களின் முடிவும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் ஆலை இருந்த புக்கிட் மேராவில் தொல்லை தீரவில்லை. கழிவு இன்னும் அங்கேதானே இருந்தது? 1985 பிப்ரவரியில் அவ்வூரைச் சேர்ந்த எட்டுப் பேர், தங்களுக்காகவும் சுமார் 10,000 ஊர் மக்களுக்காகவும் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். மலேசியாவில் அணுசக்தி உரிமச் சட்டம் வந்தது 1984இல்தான். ஆலையோ 1982லேயே ஓடத் தொடங்கியிருந்தது.

1987இல் உரிம வாரியம் அனுமதி தர, ஆலை மீண்டும் ஓடியது. அதே ஆண்டு செப்டம்பரில் முழு விசாரணை தொடங்கி 1990 வரை நடந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் இரு தரப்பிலும் சாட்சி சொன்னார்கள். 1992 ஜூலை 11ஆம் நாள் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து ஆலையை மூடச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. வழக்கில் வென்றும் ஆலை நடக்கவில்லை!

விஞ்ஞானிகள் ஏன் ஒன்றாகச் சொல்லவில்லை?

ஒரே இடம், ஒரே கழிவு. இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஏன் வேறுபட வேண்டும்? கருவி பொய் சொல்லுமா? சொல்லாது. ஆனால் எங்கே அளப்பது, எதை அளப்பது, எப்படிக் கூட்டி வகுப்பது என்பவற்றைத் தீர்மானிப்பவன் மனிதன். ஒரு குளத்தின் சராசரி ஆழம் மூன்றடி என்று பலகை வைத்தால் நீச்சல் தெரியாத சிறுவனை அதில் இறங்கவிடுவீர்களா? நடுவில் பத்தடிப் பள்ளம் இருக்கலாமே. கதிரியக்கமும் அப்படித்தான். ஊர் முழுவதுக்கும் ஆண்டு முழுவதுக்கும் சராசரி எடுத்தால் சிறிய எண் வரும். கழிவு கிடக்கும் இடத்தின் பக்கத்தில் நின்று அளந்தால் பெரிய எண் வரும். இரண்டு எண்களும் சரியானவையே. அந்தப் பெரிய எண் வரும் இடத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்களா என்பதை ஊரில் குடியிருப்பவர்களே நன்றாக அறிவார்கள்.

‘இதுவரை போகலாம்’ என்ற எல்லையும் கல்லில் எழுதியதன்று. கதிர்வீச்சு உடலில் ஏற்படுத்தும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகால் குறிக்கிறோம். மண், காற்று, விண்வெளி, உணவு இவற்றால் இயல்பாகவே உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. இதற்கு மேல் ஆலை முதலியவற்றால் பொதுமக்களுக்கு எவ்வளவு கூடலாம்? ஆண்டுக்கு 5 மில்லிசீவர்ட் என்று முன்பு வைத்திருந்தார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு 1985இல் முதன்மையான எல்லையை 1 மில்லிசீவர்ட்டாகக் குறைத்தது. புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் போன அதே ஆண்டு! நேற்று அனுமதித்த அளவு இன்று ஐந்தில் ஒன்றாகிவிட்டது. ஆகவே ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு அனுமதித்த அளவு என்று கேட்பதில் தவறில்லை.

மணவாளக்குறிச்சியில் மக்கள் வாழவில்லையா?

குமரி மாவட்டத்து மாணவர்கள் இந்நேரம் ஒரு கேள்வியோடு காத்திருப்பார்கள். ‘எங்கள் கடற்கரையிலேயே மோனசைட் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக வாழ்கிறோம். பேராக் மக்கள் மட்டும் ஏன் பயந்தார்கள்?’

கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இதே மணல்தான். அங்கே பல்லாயிரம் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சு மிகுதியான இடங்களில் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வில் காணப்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடற்கரை மணலும் ஆலைக் கழிவும் ஒன்றல்ல. மோனசைட் மணி கடினமான படிகம். எளிதில் நீரில் கரையாது. தோரியமும் அதன் சந்ததியும் அந்தப் படிகத்துக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆலையில் அந்தப் படிகத்தைச் சூடான காரத்தாலோ அமிலத்தாலோ உடைக்கிறார்கள். பூட்டு உடைந்துவிடுகிறது. மணலில் பரவிக் கிடந்தது ஓரிடத்தில் செறிகிறது. கெட்டி மணியாக இருந்தது மென்மையான சேறாகிறது. காய்ந்தால் தூசியாகப் பறக்கிறது. தனிமம் ஒன்றுதான், அதன் நிலை வேறு. நெல்லாக மூட்டையில் இருப்பதும் மாவாகக் காற்றில் பறப்பதும் ஒன்றாகுமா?

குழியை நகர்த்தினால் போதுமா?

ஆலை மூடிய பிறகும் கழிவு இருந்தது. அதற்கு 1,400 கோடி ஆண்டு அரை ஆயுள் அல்லவா? கட்டடங்களை இடித்து, மாசுபட்ட மண்ணை அள்ளி, கிளேடாங் மலைப் பகுதியில் அமைத்த கிடங்கில் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. 2011இல் வெளிவந்த செய்திகளின்படி அதற்கு ஆன செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர். மலையின் உச்சியை வெட்டி, உள்ளே கழிவை வைத்து, அதன்மேல் இருபது அடிக்கும் அதிகமாகக் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். அப்போதும் 80,000க்கு மேற்பட்ட எஃகுப் பீப்பாய்க் கழிவு புதைக்கப்படக் காத்திருந்தது.

இந்த வேலையை நம் இயற்பியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடித்த மூடி இருப்பதால் காமா கதிர் குறையும்; தோரான் மேலே வருமுன் அழியும். களிமண் நீரை உள்ளே விடாது. உயரமான இடமாதலால் வெள்ளம் தேங்காது. பாப்பானில் கட்டிய குழியையும் இதையும் ஒப்பிட்டால், மக்கள் எதிர்க்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

ஆனால் இவ்வரலாற்றில் நெருடுகிற ஒன்றும் இருக்கிறது. பாரிட் மக்கள் எதிர்த்தபோது குழி பாப்பானுக்கு நகர்ந்தது. பாப்பான் மக்கள் எதிர்த்தபோது கிளேடாங்கிற்கு நகர்ந்தது. அதை ஒட்டிய ஊர்களிலும் மக்கள் வாழ்கிறார்கள். ‘எங்கள் ஊரில் வேண்டாம்’ என்ற குரல் மட்டும் இருந்தால் கழிவு மறைந்துவிடாது. குரல் எழுப்பத் தெரியாத ஊரைத் தேடிப் போகும். பாப்பான் மக்களின் போராட்டத்தால் பயன் விளைந்ததற்குக் காரணம், அவர்கள் வேண்டாம் என்று சொன்னதோடு ஏன் வேண்டாம் என்றும் கேட்டதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததால்தான் நிபுணர்களும் வந்தார்கள், ஒழுங்கான கிடங்கும் வந்தது.

உங்கள் ஊரில்

உங்கள் ஊர்ப் பக்கத்தில் தோரியக் கிடங்கு வரப்போவதில்லை என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் குப்பைக் கிடங்கு இருக்கும். தோல் பதனிடும் ஆலையோ சாயப்பட்டறையோ இருந்தால் அதன் சேறு எங்கேயாவது கொட்டப்படும். அதில் குரோமியம் இருக்கலாம். பழைய பேட்டரியிலிருந்து ஈயமும், உடைந்த குழல்விளக்கிலிருந்து பாதரசமும் குப்பையில் சேரலாம். இவற்றின் அரை ஆயுட்காலம் என்ன தெரியுமா?

இவற்றுக்கு அரை ஆயுளே கிடையாது! தோரியமாவது 1,400 கோடி ஆண்டில் பாதியாகும். ஈயம் என்றும் ஈயமே. பாதரசம் என்றும் பாதரசமே. காலம் அவற்றைக் கரைக்காது. ஆகவே பாப்பான் மக்கள் கேட்ட மூன்று கேள்விகளும் உங்கள் ஊர்க் குப்பை மேட்டுக்கும் பொருந்தும். உள்ளே என்ன இருக்கிறது? எத்தனை காலம் இருக்கும்? அத்தனை காலமும் யார் காவல்? இவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? கிணற்றுத் தண்ணீரை யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள்? சோதனை முடிவை ஊர் மக்களுக்குக் காட்டுகிறார்களா?

கிராம சபைக் கூட்டத்தில் இக்கேள்விகளைக் கேட்க உங்கள் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேள்வியை எழுதிக் கொடுக்க உங்களால் முடியும். அதற்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்ப் படம் ஒன்றை வரைந்து, குப்பை கொட்டும் இடம், கிணறுகள், ஓடை, பள்ளிக்கூடம் இவற்றைக் குறியுங்கள். மழை பெய்யும் நாளில் போய்ப் பார்த்து, நீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். குப்பை மேட்டிலிருந்து புறப்படும் அம்பு எந்தக் கிணற்றில் போய் முடிகிறது என்று பாருங்கள். கிராம சபையில் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கிணற்றைப் பற்றித்தான்.